மொய் விருந்தைப் பல்கலைக்கழக நூலகத்தில் தேடுவது எப்படி?

எம்.ஏ. சமூகவியல் ஆய்வேட்டுக்கு எங்கள் பக்கத்து மொய் விருந்தை எடுத்துக்கொண்டேன். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணி வந்தால் திரும்பின இடமெல்லாம் மொய் விருந்து ஃபிளெக்ஸ்தான். கல்யாணமோ காதுகுத்தோ இருக்காது. மொய் வாங்குவதற்கென்றே பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். வந்த பணமெல்லாம் நோட்டில் ஏறும். செய்தவர் வீட்டு முறை வரும்போது அதோடு கூட்டி வைத்துத் திரும்பச் செய்யவேண்டும்.

ஊரில் ஆட்களைப் பார்த்துப் பேசியது சுலபமாகவே முடிந்தது. நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தும் ஒரு புத்தகம்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் வழி பிடிபட்டது. உங்கள் தலைப்பு குலதெய்வமாக இருக்கலாம், சீர்வரிசையாக இருக்கலாம். இதே வழி உதவும்.

1. உள்ளே போவது

வேறு கல்லூரி மாணவர் என்றால் துறைத்தலைவரிடம் ஓர் அறிமுகக் கடிதம், கூடவே அடையாள அட்டை. பெரும்பாலும் உட்கார்ந்து படிக்க மட்டும் விடுவார்கள், இரவல் கிடையாது. அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

2. தேடும் சொல்லை மாற்றுவது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஓபாக் என்கிற கணினிப் பட்டியலில் ‘மொய்’ என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. ‘மொய் விருந்து’ என்றேன், அதற்கும் வரவில்லை. நம் ஊர் வழக்கத்தைப் பற்றி யாருமே எழுதவில்லை என்று முடிவுகட்டிக் கிளம்பிவிட்டேன். மறுநாளும் இதே கதை.

மூன்றாம் நாள் குறிப்புதவிப் பிரிவில் இருந்த நூலகர் கேட்டார்: “இதே மாதிரி வழக்கம் வேற தேசத்துலயும் இருக்கும்ல? அதை அவங்க என்னன்னு சொல்லுவாங்க?” அந்தக் கேள்வியில்தான் கதவு திறந்தது. நான் ஊர்ச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். பட்டியல் போட்டவர்களோ துறைச்சொல்லில் பதிந்திருந்தார்கள். ‘கிஃப்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்ததும் சில நூல்கள் வந்தன. அவற்றில் பொருந்துகிற ஒன்றைத் திறந்து, அதன் பதிவில் ‘சப்ஜெக்ட்’ என்ற வரியைப் பாருங்கள். எனக்கு அங்கே ‘செரிமோனியல் எக்ஸ்சேஞ்ச்’ (சடங்காகக் கொடுத்து வாங்குவது) என்று இருந்தது. நானாக நூறு வருடம் யோசித்தாலும் அந்தச் சொல் தோன்றியிருக்காது. அதைச் சொடுக்கினால் அதே தலைப்பில் நூலகத்தில் இருக்கும் எல்லா நூலும் வரிசையாக வரும். கல்யாணச் சடங்குகளுக்கு ‘மேரேஜ் கஸ்டம்ஸ் அண்ட் ரைட்ஸ்’ என்று தனித்தலைப்பு உண்டு.

ஆகவே நூறு நூலைத் தேடாதீர்கள். சரியான ஒரு நூலைப் பிடித்து, அதன் பதிவிலிருந்து மற்றவற்றுக்குப் போங்கள்.

தமிழ் நூல்களில் இன்னொரு சிக்கல். பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் அடித்துவைத்திருப்பார்கள். ‘நாட்டுப்புறவியல்’ என்ற ஒரே சொல்லை ஒருவர் ‘ஏ’ ஒன்று போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் இரண்டு. ‘டி’, ‘பி’யிலும் அப்படியே. முழுச்சொல்லை அடிக்காமல், இரண்டு விதத்திலும் முதல் மூன்று நான்கு எழுத்தோடு நிறுத்தி நட்சத்திரக் குறி (*) போடுங்கள், மீதி எப்படி இருந்தாலும் வரும். ஆசிரியர் பெயர் தெரிந்தால் அதுவே நல்லது, ஆனால் இனிஷியலை விட்டுவிடுங்கள்.

3. அலமாரிக்குப் போவது

டூயி முறையில், அதாவது பொருளுக்கு ஓர் எண் கொடுத்து, அடுக்கிய நூலகம் என்றால் சமூகவியல் 301 முதல் 307 வரை. பண்பாடும் சமூக நிறுவனங்களும் 306-இல். வழக்கங்கள் 390-களில், நாட்டார் வழக்காறு 398-இல், இந்து சமயம் 294.5-இல். மொய் எங்கே இருக்கும்? பொருளாதார நிறுவனமாகப் பார்த்தால் 306.3, கல்யாண வழக்கமாகப் பார்த்தால் 392.5, பொது வழக்கமாக 394. மூன்று அலமாரிக்கும் நடந்தேன். ஓர் அலமாரியோடு திரும்பியிருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும்.

எண்ணின் வாலில் 095482 என்று இருந்தால் அது தமிழ்நாட்டைப் பற்றியது, 0954 என்றால் இந்தியா. 392.5095482 என்று முதுகில் ஒட்டிய புத்தகத்தைப் பார்த்தபோது சொந்தக்காரரைக் கூட்டத்தில் கண்ட மாதிரி இருந்தது. ஒரு எச்சரிக்கை: 306.095482 என்பது 306.3-க்கு முன்னால் இருக்கும். எண் நீளமாக இருப்பதால் பின்னால் தேடாதீர்கள். புள்ளிக்குப் பிறகு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடவேண்டும்.

எடுத்த நூலுக்கு இடமும் வலமும் இருக்கும் பத்துப் பத்துப் புத்தகங்களைக் கட்டாயம் புரட்டுங்கள். கணினி காட்டாததை அலமாரி காட்டும்.

4. பழைய அறிக்கைகள்

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டிச் சில கிராமங்களுக்குத் தனித்தனி ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். திருவிழாக்களுக்கும் தனித்தொகுதி உண்டு. பண்பாட்டு ஆய்வுக்கு இதைவிடப் பெரிய புதையல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ‘தமிழ்நாடு’ என்று தேடினால் வராது. 1969 வரை மாநிலத்தின் பெயர் மதராஸ். எனக்கு இன்னொரு முடிச்சும் இருந்தது. கீரமங்கலம், வடகாடு இருக்கும் புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். பிறகு திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது, 1974-இல்தான் தனி மாவட்டம் ஆனது. ஆகவே 1961-இன் புதுக்கோட்டைக் கிராமங்கள் திருச்சிக்குள் இருக்கும். அதற்கும் முன்னால் வேண்டுமென்றால் 1938-இல் வெளிவரத் தொடங்கிய சமஸ்தானக் கையேட்டைக் கேளுங்கள். உங்கள் ஊர் எந்த ஆண்டில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

5. ஆய்வேடுகளும் இதழ்களும்

சோத்கங்கா என்ற இணையதளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசம். தமிழ்த்துறை, நாட்டார் வழக்காற்றியல், பொருளியல் ஆய்வேடுகளையும் பாருங்கள். மொய் எந்தத் துறைக்கும் போகும். இயல் இயலாகத் தனித்தனி பிடிஎஃப் இருக்கும். நான் முதலில் திறப்பது கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியலைத்தான். ஒருவர் நாலைந்து வருடம் தேடிச் சேர்த்தது அது.

இதழ்களில் 1957-இல் லூயி துய்மோனும் டேவிட் போக்காக்கும் தொடங்கிய ‘கான்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோஷியாலஜி’, 1966 முதல் வரும் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ இரண்டையும் விடாதீர்கள். கட்டணத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் வளாக இணையத்தில்தான் திறக்கும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவேண்டாம்.

6. குறித்துவைப்பது

நூல் விவரங்களைச் சேர்த்துவைக்க எனக்குச் சோட்டெரோ என்ற மென்பொருள்தான். இலவசம், தமிழையும் ஒழுங்காக ஏற்கும். ஆனால் ஆசிரியர் பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்துக் கேட்கும். நம் பெயரில் குடும்பப்பெயர் ஏது? அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால் ஒரே கட்டமாகிவிடும். இதைச் செய்யாமல் விட்டதால் என் துணைநூற்பட்டியலில் அப்பா பெயரும் மகன் பெயரும் இடம் மாறிக் கிடந்தன. சரிசெய்ய ஓர் இரவு போனது.

படம் எடுக்கும்போது தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் முதலில் எடுங்கள். பதிப்பு, ஆண்டு எல்லாம் அங்கேதான்.

பின்சேர்க்கை: எங்கள் நூலகத்தில் டூயி எண்ணே இல்லை, எழுத்தும் முக்காற்புள்ளியுமாக இருக்கிறது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அது கோலன் பகுப்பு. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு 1924-இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் உருவாக்கி 1933-இல் வெளியிட்டது. அதில் சமூகவியல் ஆங்கில ‘ஒய்’ எழுத்தில் தொடங்கும். மற்ற படிகள் மாறாது.

அவரே சொன்ன இன்னொன்று: ‘திருமணச் சடங்கு’ என்று அடித்தால் வராதது, ‘ச்’ இல்லாமல் அடித்தால் வருகிறதாம். நானும் அடித்துப் பார்த்தேன், உண்மைதான். பதிந்தவர் ஒற்றெழுத்தை விட்டிருக்கிறார். ‘சடங்கு’ என்று ஒற்றைச் சொல்லாகத் தேடுங்கள், இரண்டும் சேர்ந்து வரும்.