உங்கள் தோட்டத்தை உலக வரைபடத்தில் ஏற்றுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

கைப்பேசி வரைபடத்தைத் திறந்து, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த பெஸ்தாரி ஜெயா பக்கம் போய்ப் பாருங்கள். பெரிய சாலை இருக்கும், யுனிசெல் பல்கலைக்கழகம் இருக்கும், சிலாங்கூர் ஆறு வளைந்து போகும். ஆனால் செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் இருக்கும் மாரியம்மன் கோயில்? தோட்டத்தின் இரண்டாவது டிவிஷனுக்குத் (பிரிவுக்கு) திரும்பும் முனை? பெரும்பாலும் வெறும் பச்சைதான். இந்தப் பச்சையை நாமே நிரப்பலாம். காசு வேண்டாம், கணினிப் படிப்பும் வேண்டாம்.

நாம் பயன்படுத்தப்போவது ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் பிரிட்டனில் தொடங்கிய திட்டம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகள் இதிலிருந்துதான் தரவை எடுக்கின்றன. தென்கிழக்காசியாவில் கிரேப் போன்ற நிறுவனங்களும் இதில் திருத்தம் செய்கின்றன. நீங்கள் இன்று வைக்கும் ஒரு புள்ளி நாளை யார் யார் கைப்பேசியிலோ தெரியும். அதனால் கொஞ்சம் பொறுப்பாகச் செய்ய வேண்டும்.

படி 1: கணக்கு தொடங்கி, சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பயனர்பெயர் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயர் தேவையில்லை. முதல் நாளே முழுத் தோட்டத்தையும் வரையக் கிளம்பாதீர்கள். ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, அவற்றுக்குப் போகும் பாதை. அது போதும்.

படி 2: நடந்து பாருங்கள்

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியில் ஆரம்பிக்கலாம். "இந்தச் சாலை தாரா, செம்மண்ணா?", "இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று அதுவே கேட்கும். பதிலைத் தட்டினால் வரைபடம் திருந்திவிடும். புதிய புள்ளி வைக்க எவ்ரி டோர் செயலி நல்லது, ஐபோனிலும் ஓடும். இரண்டுமே வேண்டாம் என்றால் ஒரு நோட்டுப் புத்தகமும் கைப்பேசிக் கேமராவும் போதும்.

ஜிபிஎஸ் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெட்டவெளியில் கைப்பேசி ஏறக்குறைய 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். முதிர்ந்த செம்பனையின் கீழே மட்டைகள் சமிக்ஞையை மறைப்பதால் புள்ளி அங்குமிங்கும் தாவும். கோயில் வாசலில் நின்று உடனே பதியாமல், வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று புள்ளி அடங்கியதும் பதியுங்கள். மீதியை வான்படத்தை (மேலிருந்து எடுத்த படத்தை) வைத்துச் சரிசெய்யலாம்.

தோட்டம் தனியார் நிலம் என்பதை மறக்க வேண்டாம். வாயிலில் ஜாகா (காவலர்) இருந்தால் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். போகக்கூடாது என்றால், விடுங்கள், வெளியே வரையவேண்டியதே நிறைய இருக்கிறது.

படி 3: வான்படத்தைப் படிக்கப் பழகுங்கள்

கணினியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து ஊரை நெருக்கிப் பார்த்துத் திருத்தும் பொத்தானை அழுத்தினால் ஐடி என்ற எடிட்டர் உலாவியிலேயே திறக்கும். அதில் உள்ள பயிற்சியை ஒருமுறை செய்துவிடுங்கள். அரை மணி நேரம் செலவாகலாம், வீண் போகாது. பின்னணியில் பிங், எஸ்ரி நிறுவனங்களின் வான்படங்கள் கிடைக்கும். பிங் படத்தை இதற்குப் பயன்படுத்த மைக்ரோசாஃப்ட் 2010இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. கூகுள் மேப்ஸைப் பார்த்து வரையவோ பெயரை எடுக்கவோ கூடாது. உரிமச் சிக்கல் வரும், உங்கள் திருத்தம் நீக்கப்படும்.

படத்தில் செம்பனையைக் கண்டுபிடிப்பது எளிது. ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண வரிசையில் நடுவதால், மேலிருந்து பார்த்தால் நட்சத்திரங்களை அடுக்கி வைத்தது போல் தெரியும். ரப்பர் அப்படி இருக்காது. மேற்பரப்பு கலங்கலாக, ஒரே பச்சையாக இருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் இலை உதிரும் பருவத்தில் எடுத்த படமென்றால் அதுவே பழுப்பாகத் தெரியும். செம்பனை 25 ஆண்டு வாக்கில் மறுநடவுக்குப் போவதால், காடாக இருந்த ஃபீல்டு திடீரென்று மொட்டை மண்ணாகத் தெரிந்தால் யாரோ வீட்டுமனை போடுகிறார்கள் என்று அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். போய்ப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். படம் எந்த ஆண்டினது என்பதையும் கவனியுங்கள். வெவ்வேறு நிறுவனப் படங்கள் சில மீட்டர் விலகியும் இருக்கும்.

படி 4: வரையுங்கள்

புள்ளி, கோடு, பரப்பு. மூன்றே கருவிகள், விசைப்பலகையில் 1, 2, 3 எண்கள் அவற்றுக்கே உரியவை. தனி இடத்துக்குப் புள்ளி, பாதைக்குக் கோடு, கட்டடத்துக்கும் காட்டுக்கும் பரப்பு. லயத்து வீடுகளை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) ஒவ்வொரு வரிசையாகப் பரப்பில் வரைந்து கியூ விசையை அழுத்தினால் மூலைகள் செங்கோணமாகிவிடும்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது தோட்டப் பாதைகளில். செம்பனை வரிசைகளுக்கு நடுவே லாரி குலை ஏற்றப் போகும் மண்பாதை எல்லாம் தெரு ஆகாது. அதைத் தெரு என்று குறித்தால் வழிகாட்டும் செயலி யாரையாவது இருட்டில் காட்டுக்குள் அனுப்பிவிடும். அதற்கென்று விவசாயப் பாதை என்ற வகை தனியாக இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். லயத்துக்குப் போகும் பாதை வேறு. அங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள், அதை குடியிருப்புச் சாலையாகவே குறியுங்கள். இரும்பு கேட் இருந்தால் அதையும் வையுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுபவருக்கு அந்த ஒரு கேட்தான் பெரிய செய்தி.

2019இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரேப்பிட் என்ற எடிட்டரும் உண்டு. செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்துச் சாலைக் கோடுகளைத் தானே பரிந்துரைக்கும், நாம் ஏற்கலாம், தள்ளலாம். நேரம் மிச்சமாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கோடு செம்பனை லாரிப் பாதையா, பெரட்டுக்களத்திலிருந்து (தொழிலாளர்கள் காலையில் கூடும் இடம்) ஆயாக்கொட்டகைக்குப் (குழந்தைக் காப்பகம்) போகும் வழியா என்பதை அது சொல்லாது. கோட்டை இயந்திரம் போட்டுவிட்டது என்பதற்காக அப்படியே சேமித்துவிடாதீர்கள்.

படி 5: பெயரிடுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிரே இதுதான். 2010இல் ஹைத்தி பூகம்பத்தின்போது உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் வீட்டில் இருந்தபடியே போர்ட்-ஓ-பிரின்ஸ் தெருக்களை வரைந்தார்கள். சாலையை அப்படி எங்கிருந்தும் வரையலாம். தோட்டத்து முனைக்கு என்ன பெயர் என்பதை உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும்.

முதன்மைப் பெயர்ப் பெட்டியில் பலகையில் உள்ளபடியே மலாய்ப் பெயரை எழுதுங்கள். பள்ளி என்றால் 'எஸ்.ஜே.கே.(தமிழ்)' என்று தொடங்கும் அதிகாரப்பூர்வப் பெயரை முழுமையாக, ரோமன் எழுத்தில். பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்து, ஊர் மக்கள் எழுதும் தமிழ்ப் பெயரைத் தனியாகக் கொடுங்கள். கோயில் பலகையில் தமிழ் இருந்தால் அதன் எழுத்துக்கூட்டலை அப்படியே எடுங்கள், திருத்த ஆசைப்படாதீர்கள்.

பழைய பெயருக்கும் தனி இடம் இருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவையே எடுத்துக்கொள்ளுங்கள், 2007 வரை அது பத்தாங் பெர்ஜுந்தை. பெரியவர்கள் பலருக்கு இன்னமும் அதுதான் வாயில் வருகிறது, கல்யாணப் பத்திரிகையில்கூடச் சிலர் அப்படியே அச்சடிக்கிறார்கள். பழைய பெயர் என்ற பெட்டியில் அது இருந்தால் தேடுபவருக்கு ஊர் கிடைக்கும். பேச்சு வழக்குப் பெயர்களுக்கும் வேறு பெட்டி உண்டு. "கிராணி வீட்டு முனை" (கிராணி என்றால் தோட்ட எழுத்தர்) போன்றவற்றை அங்கே போடலாம், ஊரில் நாலு பேராவது அப்படி அழைத்தால் மட்டும். இன்னார் வீடு என்று தனிமனிதர் பெயரைப் போடக் கூடாது.

பெயர் சேகரிக்க ஞாயிற்றுக்கிழமை காலை ஒட்டுக்கடையில் வான்படத்தை அச்சடித்து மேசைமேல் விரித்து வையுங்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தைப் பார்த்த ஓர் ஐயாவும் ஓர் அம்மாவும் உட்கார்ந்தால் போதும், சண்டையோடு சேர்ந்து பெயர்கள் வரும். "அது மூணாம் நம்பர் ஃபீல்டு இல்லப்பா!" என்று ஒருவர் மறுத்தால் நல்லது, இருவர் ஒத்துப்போனதை மட்டும் ஏற்றுங்கள். படிவம் நான்கு, ஐந்து படிக்கும் பிள்ளைகளைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

இல்லாமல் போன லயங்கள்

இது எல்லோரும் கேட்பது. இடித்த லயத்தை, மூடிய பள்ளியை வரையலாமா? ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கூடாது. இன்று தரையில் போய்ப் பார்த்தால் இருப்பதுதான் அங்கே இருக்க வேண்டும். லயம் போய்க் கோயில் மட்டும் நின்றால் கோயிலைப் போடுங்கள், அது இருக்கிறது. பழையவற்றுக்கு ஓபன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற தனி வரைபடம் உண்டு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று குறிக்கலாம். நினைவுகளும் பழைய புகைப்படங்களும் சேர்க்கவேண்டும் என்றால் யுமேப் இன்னும் எளிது: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேலே உங்கள் சொந்த அடுக்கைப் போட்டு, இணைப்பைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிவிடலாம்.

கோயில் விஷயத்தில் இன்னொன்று. வரைபடத்தில் ஏறிவிட்டதால் நிலத்துக்குக் கிராண்ட் (நிலப் பட்டா) கிடைத்ததாக ஆகாது. அந்த நம்பிக்கையை யாருக்கும் கொடுக்காதீர்கள். நில வழக்கு ஓடும் கோயில் என்றால் நிர்வாகக் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

படி 6: சேமியுங்கள்

சேமிக்கும்போது ஒரு குறிப்பு கேட்கும். "தோட்டக் கோயிலும் பாதையும் நேரில் பார்த்துச் சேர்த்தது" என்பது போல ஒரு வரி எழுதுங்கள், மலாயிலோ ஆங்கிலத்திலோ சேர்த்து எழுதினால் மற்ற வரைவாளர்களுக்கும் புரியும். என் திருத்தத்தை யாராவது பாருங்கள் என்று கேட்கும் கட்டம் ஒன்று கீழே இருக்கும், புதியவர்கள் அதைத் தட்டிவிடுவது நல்லது. யாராவது கருத்து எழுதினால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். பெரும்பாலும் உதவத்தான் வருவார்கள்.

திருத்தம் தளத்தில் சில நிமிடங்களில் தெரியும். கைப்பேசிச் செயலிகள் தங்கள் தரவை அவ்வப்போதுதான் புதுப்பிக்கும், அதனால் ஆர்கானிக் மேப்ஸில் வர நாளாகலாம். வரவில்லையே என்று அதே கோயிலை இரண்டாம் முறை வைத்துவிடாதீர்கள்.