ஓகஸ்ட் லீவில் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு: உச்சி வெயில், உப்புத் தண்ணீர், போத்தல் ரொக்கெட்

கீழே உள்ள வேலைகள் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானவை. வெட்டுவது, துளையிடுவது, காற்றடிப்பது மூன்றுக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சாமான் பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கும். ஒரு கொப்பி மட்டும் கட்டாயம்: அளக்கும் முன் "இவ்வளவு வரும்" என்று பிள்ளை தன் ஊகத்தை எழுதட்டும், பிறகு அளந்ததைப் பக்கத்தில் எழுதட்டும். இதை விட்டால் மிஞ்சுவது வேடிக்கை பார்ப்பதுதான்.

சூரியன் உச்சிக்கு வரும் நாள்

திருகோணமலை வட அகலாங்கு ஏறத்தாழ 8.6 பாகையில் இருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டில் இரண்டு தடவை நம் தலைக்கு நேர் மேலே வரும். ஒன்று சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்பு, மற்றது ஓகஸ்ட் 30, 31 அளவில். நிமிர்ந்து நிற்கும் தடிக்கு அன்று உச்சிப் பொழுதில் நிழலே விழாது. லீவு தொடங்கும்போதே இந்த வேலையைத் தொடங்கினால் அந்த நாள் நெருங்கி வருவதைப் பிள்ளை தானே அளந்து காணலாம்.

தடியைவிட ஓட்டை நல்லது. சூரியன் ஒரு புள்ளியல்ல, வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஒரு மீற்றர் தடியின் நிழல் நுனி அதனாலேயே 9 மில்லிமீற்றர் அளவுக்கு மங்கிப் போகும், எங்கே கோடு போடுவது என்று தெரியாது. ஆகவே 30 சென்ரிமீற்றர் சதுரத் தடித்த மட்டை ஒன்றின் நடுவில் 5 மில்லிமீற்றர் துளை போடுங்கள். 75 சென்ரிமீற்றர் உயர மேசையின் விளிம்புக்கு வெளியே துளை நீட்டிக்கொண்டிருக்கும்படி மட்டையை வைத்து, மேலே செங்கல் ஏற்றுங்கள். துளைக்குக் குறுக்கே ஓர் ஈர்க்கு வைத்து, அதில் நூலும் நட்டும் கட்டித் தூக்குக்குண்டு விடுங்கள். நட் தொடும் இடத்தில் சீமெந்துத் தரையில் புள்ளி இடுங்கள். இதைக் காலையில், கச்சான் காற்று பலக்கும் முன் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் ஆடிக்கொண்டே இருக்கும். மேசைக் கால்களைச் சுற்றியும் கோடு போட்டு வையுங்கள். மேசை நகர்ந்துவிட்டால் புதிதாகத் தூக்குக்குண்டு பிடிக்காமல் அளக்கக் கூடாது.

நூலை எடுத்துவிட்டு 11.50 தொடக்கம் 12.20 வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, மட்டையின் நிழலுக்குள் விழும் ஒளிவட்டத்தின் நடுவைக் குறியுங்கள். வட்டம் நிமிடத்துக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் கிழக்கே நகரும். குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் பூமி சுழல்வது கண்ணுக்கே தெரியும். துளை வழியாக மேலே பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். குறித்துவிட்டு நிழலுக்கு ஓடி வரட்டும், தொப்பியும் தண்ணீரும் வேண்டும்.

உச்சி வேளை சரியாக 12 மணியில்லை, ஓகஸ்ட் 10 அளவில் 12.10 அல்லது 12.11, மாதக் கடைசியில் 12.05 அல்லது 12.06. நம் நாட்டு நேரம் 82.5 பாகை நெட்டாங்குக்கு உரியது, திருகோணமலை இருப்பது 81.2 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள், மாதக் கடைசிக்குரிய விடை தானாக வரும். சூரியன் ஆண்டு முழுக்கக் கடிகாரத்தோடு ஒத்து ஓடாததால், ஓகஸ்ட் 10 அளவில் இன்னும் ஐந்து நிமிடம் பிந்தும்.

ஓகஸ்ட் 10இல் உச்சி வேளை ஒளிவட்டம் புள்ளிக்குத் தெற்கே 9 சென்ரிமீற்றர் அளவில் விழும். 20ஆம் திகதி 5 சென்ரிமீற்றர். பிறகு நாளுக்கு அரைச் சென்ரிமீற்றர் வீதம் நெருங்கி, மாதக் கடைசியில் புள்ளியின் மேலேயே ஏறி, அதற்குப் பிறகு வடக்குப் பக்கம் போகும். முதல் வாரத்து அளவுகளை வரைபுத்தாளில் போட்டு, எந்த நாளில் பூச்சியம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வைப்பதுதான் இதில் சுவையான இடம்.

உப்பை அளக்கும் மிதவை

பாடப் புத்தகத்தில் நீரமானி என்று வருவது இதுதான். உறிஞ்சுகுழலின் அடியில் களிமண் ஒட்டிச் செய்யும் முறையைப் பலர் சொல்வார்கள். அது சரிவராது. கடல் நீர் நல்ல நீரைவிட 2.5 சதவீதம்தான் அடர்த்தி கூடியது. 10 சென்ரிமீற்றர் அமிழும் குழல் ஆக 2.5 மில்லிமீற்றர் உயரும், அலை அடங்குவதற்குள் கண் ஏமாந்துவிடும். அடியில் பருத்த போத்தலும் மேலே ஒடுங்கிய கழுத்தும் இருந்தால் அதே வித்தியாசம் பல மடங்கு பெருத்துத் தெரியும்.

50 மில்லிலீற்றர் சின்ன மருந்துப் போத்தல் ஒன்று எடுங்கள். மூடியில் சூடான ஆணியால் துளையிட்டு, ஒளிபுகும் பேனைக் கூடு ஒன்றை இறுக்கமாகச் செருகி எபொக்சிப் பசை பூசுங்கள். பேனைக் கூட்டின் பக்கவாட்டில் ஊசித்துளை இருக்கும், அதையும் அடைக்க மறக்கக் கூடாது. பெரும்பாலான மிதவைகள் மூழ்கிப் போவது அந்தத் துளையால்தான். போத்தலின் அடியில் இரும்பு நட்டுகளும் காய்ந்த மணலும் போட்டு, 1.5 லீற்றர் போத்தலின் மேற்பாதியை வெட்டி எடுத்த பாத்திரத்தில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி மிதக்க விடுங்கள். கூடு 4 சென்ரிமீற்றர் அளவுக்கு வெளியே நிற்கும் வரை மேல் வாய் வழியாக மணலைக் கிள்ளிக் கிள்ளிப் போடுங்கள். ஒரு சென்ரிமீற்றர் அமிழ அரைக் கிராம் மணலே போதும், கரண்டியால் கொட்டினால் காரியம் கெட்டது. சரிந்து மிதந்தால் மணலைக் குறைத்து நட்டைக் கூட்டுங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் நிற்கும் மட்டம் 0. ஒரு லீற்றர் தண்ணீரில் 35 கிராம் உப்பு, அதாவது தட்டையாக இரண்டு மேசைக்கரண்டி, கரைத்து மறுபடி விட்டால் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் மேலே வரும். அந்த மட்டம் 35. இடையில் ஏழு சம பங்கு. இந்த அளவைக் கடதாசியில் எழுதிக் கூட்டுக்குள் செருகி, ஒரு தடவை இரண்டு மட்டத்தையும் சரிபார்த்த பிறகு மேல் வாயை மெழுகால் அடையுங்கள்.

இனி ஊர் சுற்றலாம். டச்சுக்குடாக் கடல், உள்துறைமுகப் பக்கம், வீட்டுக் கிணறு, உப்புக் கரிக்கும் கிணறு என்று ஒவ்வொன்றிலும் ஒரு போத்தல் எடுத்து வாருங்கள். மகாவலி வந்து சேரும் கொட்டியாரக் குடாவில் ஆற்று முகத்துக்குக் கிட்ட எடுத்த தண்ணீரையும் திறந்த கடல் தண்ணீரையும் ஒப்பிட்டால் நல்ல பாடம். அதே இடத்தில் மார்கழி மழையில் மறுபடி அளந்து பாருங்கள். எல்லாத் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். கன்னியா ஊற்றுத் தண்ணீரைச் சுடச்சுட அளந்தால், 40 பாகை நீர் 28 பாகை நீரைவிட 0.4 சதவீதம் அடர்த்தி குறைவு என்பதால், மிதவை பூச்சியத்துக்கும் கீழே இறங்கிவிடும். இரவு முழுக்க ஆற வைத்து அளவுங்கள். போத்தலில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் விரலால் துடைத்துவிடுங்கள்.

மிஞ்சிய கடல் தண்ணீரை வீணாக்க வேண்டாம். கறுப்புத் தட்டு அல்லது பேசினில் அரை லீற்றர் ஊற்றி, நடுவில் சின்னக் கோப்பை வைத்து, தெளிந்த பொலித்தீனால் மூடிச் சுற்றிக் கட்டி, கோப்பைக்கு நேர் மேலே ஒரு கூழாங்கல் வையுங்கள். காலை 10 முதல் பின்னேரம் 3 வரை வெயில் பட்டால் கோப்பையில் கொஞ்சம் நல்ல தண்ணீர் சேரும். கொஞ்சம்தான். விளிம்பில் ஆவி கசிந்தால் அதுவும் இல்லை.

போத்தல் ரொக்கெட்

காஸ் அடைத்த சோடா வரும் 1.5 லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் மட்டும். குடிநீர்ப் போத்தல் மெல்லியது, பாவிக்கவே கூடாது. வாய்க்கு இறுக்கமான ரப்பர் தக்கையில் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைக் குத்தி, ஊசி நுனி உள்ளே தெரிய வேண்டும். தக்கை 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டால் நுனி எட்டாது. மூன்று மட்டைச் செட்டைகளை வாய்ப் பக்கமாக ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள், சூட்டுப் பசை போத்தலை இளக்கிவிடும். மறு முனையில் 30 கிராம் களிமண். முன்பக்கம் பாரம் இல்லாவிட்டால் ரொக்கெட் காற்றில் குட்டிக்கரணம் போடும்.

தண்ணீர் ஊற்றித் தக்கையை அடைத்து, வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி, ஊசி வழியாகப் பம்பால் காற்றடித்தால், அமுக்கம் கூடித் தக்கை கழன்று ரொக்கெட் கிளம்பும். தண்ணீரை 250, 500, 750, 1000 மில்லிலீற்றர் என்று மாற்றி, ஒவ்வொன்றையும் மூன்று தடவை ஏவுங்கள். தண்ணீர் குறைந்தால் தள்ளுவதற்குப் பொருள் போதாது, கூடினால் அமுங்கிய காற்றுக்கு இடம் போதாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான் சிறந்த விடை வரும், ஆனால் அதைப் பிள்ளைக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். உயரத்துக்கு போனில் வீடியோ எடுங்கள். உச்சியிலிருந்து தரைக்கு விழும் நொடிகளைத் தன்னாலேயே பெருக்கி, 4.9ஆல் பெருக்கினால் உயரம் ஏறத்தாழ மீற்றரில் வரும். இரண்டு நொடி என்றால் 20 மீற்றருக்குச் சற்றுக் குறைவு.

கடற்கரையில் ஏவ வேண்டாம். கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், போத்தல் போய்விடும். அதைப் பிடிக்கப் பிள்ளை நீந்தினால் அதே காற்று பிள்ளையையும் இழுக்கும். படை முகாம்களுக்குத் தள்ளியுள்ள திறந்த மைதானத்தில், காலை வேளையில் செய்யுங்கள். நீண்ட குழாய் உள்ள, அமுக்கமானி பொருத்திய சைக்கிள் பம்ப் வேண்டும், எல்லோரும் நீட்டிய குழாயின் மறு முனைக்குப் பின்னால் நிற்க வேண்டும். அமுக்கமானியில் 50 பிஎஸ்ஐ வந்தும் தக்கை கழராவிட்டால் நிறுத்தி, பம்ப் பக்கமாகவே காற்றை இறக்கி, தக்கையைத் தளர்த்துங்கள். போத்தலைக் குனிந்து பார்க்கக் கூடாது. மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தாலோ கீறல் விழுந்தாலோ அந்தப் போத்தலை எறிந்துவிட்டுப் புதிதை எடுங்கள்.