மலைவீட்டுக் கூரைத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவது

கூரையோர வாய்க்காலைச் சுத்தம் செய்ய, செப்டம்பர் முடிவதற்குள் ஏணியை வெளியே எடுத்துவிடுங்கள். நீலகிரியில் கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஜூனில் இறங்கும் தென்மேற்கு மழைதான் பெரிய மழை. அவர்களுக்கு மே மாதமே கெடு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு அடித்து ஊற்றுவது ஐப்பசி, கார்த்திகையில். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் மண் சரிந்து உயிர்கள் போனதிலிருந்து, அந்த மாதம் பிறந்தாலே இங்கே எல்லோரும் வானத்தைத்தான் பார்ப்போம்.

நான் கூரைத் தகர வேலை செய்பவன். "ஒழுகுது, தகரத்தை மாத்தணும்" என்று கூப்பிடுவார்கள். மேலே ஏறிப் பார்த்தால் பல வீடுகளில் தகரம் நன்றாகத்தான் இருக்கும். கூரையோரத் தகர வாய்க்கால் அடைத்து, தண்ணீர் பின்பக்கமாக ஏறிச் சுவருக்குள் இறங்கியிருக்கும். அதைக் கீழே நின்றே கண்டுபிடிக்கலாம். வாய்க்காலுக்கு நேர் கீழே மண்ணில் வரிசையாகக் குழி விழுந்திருக்கிறதா, சுவரில் பச்சையும் கறுப்புமாகக் கோடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த இடத்தில் தண்ணீர் வழிகிறது.

எங்கள் ஊரில் அடைப்புக்கு முதல் காரணம் சில்வர் ஓக் மரம். இலையை உதிர்த்துவிட்டு, கோடையில் மஞ்சளாகப் பூத்து, அந்தப் பூவையும் கொட்டும். பெரணி மாதிரிக் கிளைத்த இலை என்பதால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். வாய்க்காலுக்குள் கைவிட்டால் மேலே பாசி, நடுவில் பின்னிக்கொண்ட இலை, அடியில் கறுப்புச் சேறு. மொத்தமும் ஒரே பாளமாக வரும். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை வேறு விதம். தோல் போலத் தடித்து, சீக்கிரம் மக்காது. நாலைந்து இலை, தண்ணீர் இறங்கும் ஓட்டை மேல் படுத்தாலே போதும், மூடி போட்டது போலத்தான்.

சுத்தம் செய்ய ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைச் சரிவாக வெட்டிக்கொள்ளுங்கள். இரும்புக் கரண்டி வேண்டாம். அது துத்தநாகப் பூச்சைச் சுரண்டிவிடும், பிறகு துரு பிடிக்கும். முதலில், தண்ணீரைத் தரைக்குக் கொண்டுவரும் டவுன் பைப் இறங்கும் ஓட்டையில் பழந்துணியைத் திணியுங்கள். இல்லாவிட்டால் அள்ளுகிற சேறெல்லாம் குழாய்க்குள் போய்விடும். ஓட்டைப் பக்கம் தொடங்கி எதிர்முனைக்கு அள்ளிப் போங்கள். முடிந்ததும் துணியை எடுத்துவிட்டு, எதிர்முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்காவது குட்டையாகத் தேங்கினால் வாட்டம் கெட்டிருக்கிறது. பத்தடிக்கு அரை அங்குல இறக்கம் வேண்டும். கொக்கியைத் தளர்த்தி, நூல் கட்டிச் சரிசெய்யலாம்.

ஏணியைத் தனியாளாக ஏறாதீர்கள். கீழே ஒருவர் பிடிக்கட்டும். மின்கம்பி இறங்கும் மூலையில் வேலையே வேண்டாம், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகு பார்க்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் கால் வைக்கவே கூடாது. பழைய ஷீட் சொல்லாமல் உடையும். அதைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் வரும் தூசி நுரையீரலுக்கு விஷம்.

டவுன் பைப்பைக் விரல் கணுவால் தட்டிக்கொண்டே இறங்குங்கள். காலியான இடம் கணீரென்று கேட்கும், அடைத்த இடம் மந்தமாகக் கேட்கும். பெரும்பாலும் வளைவில்தான் இருக்கும். இரும்புக் கம்பியால் குத்தினால் பி.வி.சி. பிளந்துவிடும். அடி வளைவைக் கழற்றி, ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலே செலுத்தித் தண்ணீர் விடுங்கள். ஓட்டையின் மேல் தட்டையான வலை போடாதீர்கள், சில்வர் ஓக் இலை அதில் பாய் விரித்துவிடும். கம்பிவலையை உருண்டையாகச் சுருட்டிக் குழாயின் வாயில் நிறுத்துங்கள். குரங்கு ஏறும் வீடானால், குழாயைப் பிடிக்க மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் அவசியம்.

இவ்வளவு செய்துவிட்டு, குழாயின் அடியை அப்படியே தோட்டத்தில் விட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்காது. 1,000 சதுர அடிக் கூரையில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர் தண்ணீர். அத்தனையும் ஒரே மூலையில் இறங்கினால் மண் ஊறி, சரிவைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். மலையில் நம் வாசல் மட்டத்தில்தான் கீழ்வீட்டுக் கூரை இருக்கிறது. "தம்பி, மேல்வீட்டுத் தண்ணி எங்க சமையக்கட்டுச் சுவத்துல ஊறுது. நான் சொன்னா சண்டையாயிடும், நீங்களே சொல்லுங்க" என்று ஒரு அக்கா என்னிடம் கேட்டார். சொன்னேன், அவர்களும் கேட்டார்கள். கூடுதலாக இரண்டு நீளக் குழாய் போட்டு, படிக்கட்டு ஓரமாகச் சிமெண்ட் கால்வாய் வரை கொண்டுபோய் விட்டோம்.

மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமானது. நல்ல சட்டம். ஆனால் சரிவில், தடுப்புச் சுவரின் தலைமாட்டில் உறிஞ்சுகுழி வெட்டாதீர்கள். தொட்டியில் பிடியுங்கள். நிரம்பி வழிவதைக் கால்வாயில் சேருங்கள்.

முதல் கனமழையில் குடையோடு வெளியே போய், தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் சரி. வெளியே மழை கொட்டியும் சொட்டுக்கூட வராவிட்டால், ஓட்டை அடைத்திருக்கலாம். மழை விட்டதும் அதைக் குத்திவிடுங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும். சுவர் வயிறு தள்ளியோ புதிதாக விரிசல் விட்டோ தெரிந்தால், காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். நீங்களும் வெளியேறி, கீழ்வீட்டாரையும் எழுப்பி, அன்றிரவே வேறிடத்துக்குக் கூட்டிப்போங்கள்.