அப்பா அம்மாவின் திருமண நாளுக்கு ஸ்டேக் விருந்து: முதல் தடவை போகிறவர்களுக்கு

அப்பா சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பன்னிரண்டு வருடம் வெல்டராக இருந்தவர். அங்கே ஸ்டேக் (தடித்த துண்டாகச் சுட்டுத் தரும் கறி) கடைகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. போன வருடம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, "அந்தக் கறியை ஒரு தடவை உக்காந்து சாப்பிடணும்டா" என்றார். கும்பகோணத்தில் பரோட்டாவுக்கும் பிரியாணிக்கும் குறைவில்லை. ஸ்டேக்குக்குச் சென்னைக்குத்தான் போனோம். அந்தத் தடவை நான் சொதப்பிவிட்டேன். இந்தத் தையில், அவர்களுடைய திருமண நாளுக்கு மறுபடி போனோம். நன்றாக அமைந்தது. இரண்டு அனுபவத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒன்று: நாள் பார்ப்பது

புரட்டாசி கூடாது என்பது தெரிந்ததே. அதோடு அமாவாசை, கிருத்திகை, வீட்டில் யாராவது கறி சாப்பிடாமல் விடும் சனிக்கிழமை, எல்லாவற்றையும் காலண்டரில் பார்த்துவிட்டு மேசைக்குச் சொல்லுங்கள். போனிலேயே என்ன விசேஷம் என்று சொல்லிவிட்டால் நல்லது. பல இடங்களில் சின்னதாக ஒரு இனிப்பாவது வைப்பார்கள்.

அன்று இரவே உழவன் ரயிலில் திரும்ப டிக்கெட் போடாதீர்கள். இந்தச் சாப்பாடு இரண்டு மணி நேரமாவது இழுக்கும். எழும்பூர் ரயிலை நினைத்துக்கொண்டே கறியை மெல்ல முடியாது. தங்கிவிட்டு மறுநாள் காலை சோழனில் வரலாம்.

இரண்டு: யார் எதைச் சாப்பிடுவார்கள்

இதைக் கடையில் போய்ப் பேசாதீர்கள், வீட்டிலேயே பேசி முடியுங்கள். ஸ்டேக் என்றால் உலகம் முழுக்கப் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். நம் பக்கத்து மெனுவில் வெறுமனே 'டெண்டர்லாயின்' என்று மட்டும் போட்டிருந்தால் அது மாடாகவோ எருமையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். தெரியாமல் வாங்கிவிட்டு அப்புறம் மனசு கஷ்டப்படுவதைவிட, பரிமாறுபவரிடம் என்ன கறி என்று நேராகக் கேட்டுவிடலாம். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

எங்கள் அம்மா மாட்டுக்கறி தொட மாட்டார். அவருக்கு 'சீ பாஸ்' வாங்கினோம். வந்ததும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கொடுவாடா" என்றார். கொடுவாதான்.

மூன்று: எந்தத் துண்டு, எவ்வளவு வேக்காடு

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டெண்டர்லாயின் என்பது முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் இருக்கும் சதை. அந்தச் சதைக்கு வேலை குறைவு, அதனால் பஞ்சு போல இருக்கும். கொழுப்பும் குறைவு. ரிப் ஐ என்பது விலாப் பகுதி. சதைக்குள்ளேயே கொழுப்பு கோடு கோடாக ஓடும், ருசி அதிகம். சர்லாயின் பின்முதுகுப் பக்கம், கொஞ்சம் மெல்ல வேண்டும். டி போன் என்றால் நடுவில் எலும்பு, அதன் ஒரு பக்கம் டெண்டர்லாயின், இன்னொரு பக்கம் வேறொரு சதை.

அடுத்து வேக்காடு கேட்பார்கள். துண்டின் நடுவில் எவ்வளவு சூடு என்பதுதான் கணக்கு. ரேர் என்றால் சுமார் 50 டிகிரி செல்சியஸ், உள்ளே நல்ல சிவப்பு. மீடியம் ரேர் 55, மீடியம் 60, மீடியம் வெல் 65. 70 தாண்டினால் வெல் டன், சிவப்பே இருக்காது. கடைக்குக் கடை ஓரிரு டிகிரி மாறும்.

முதல் தடவை, விவரம் தெரிந்தவன் மாதிரி அப்பாவுக்கும் சேர்த்து மீடியம் ரேர் சொன்னேன். அப்பா வெட்டினார். தட்டில் சிவப்பாகக் கசிந்தது. கத்தியை வைத்துவிட்டு "வேகலடா" என்றார். திருப்பி அனுப்ப எனக்குக் கூச்சம். அவர் உருளைக்கிழங்கு மசியலை மட்டும் சாப்பிட்டு எழுந்தார். அந்தச் சிவப்பு ரத்தம் இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர் என்பது எனக்கே பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தாலும் அவர் சாப்பிட்டிருப்பார் என்று தோன்றவில்லை.

வேகாததைத் திருப்பிக் கொடுத்தால் இன்னும் வேகவைத்துத் தருவார்கள், அது வழக்கம்தான். வெந்து போனதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. என் யோசனை: நம் நாக்குக்கு முதல் தடவை மீடியம் வெல் சொல்லுங்கள், அதற்கு ரிப் ஐ எடுங்கள். கொழுப்பு இருப்பதால் அதிகம் வெந்தாலும் வறண்டு போகாது. டெண்டர்லாயினை அந்த அளவு வேகவிட்டால் காசுக்குப் பிடித்த கேடு. வயதானவர்களும் கர்ப்பிணிகளும் நன்றாக வெந்ததையே வாங்குவது நல்லது.

மெனுவில் 250 கிராம் என்று இருந்தால் அது பச்சைக் கறியின் எடை. அடுப்பில் ஏறி இறங்கும்போது குறையும். மசியல், கீரை, காளான் எல்லாம் பெரும்பாலும் தனி விலை. இரண்டு வாங்கினால் மூன்று பேருக்குப் போதும். சோறு வராது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான்கு: கத்தியும் முள்கரண்டியும்

வலது கையில் கத்தி, இடது கையில் முள்கரண்டி. போகும் முன் வீட்டில் அடை சுட்டுப் பழகிப் பாருங்கள், சிரிக்காதீர்கள். தோசை கிழியும், அடைதான் கத்திக்கு நிற்கும். கறியை நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டினால் மெல்லச் சுலபம். மொத்தமாக வெட்டி வைக்காமல் ஒவ்வொரு வாயாக வெட்டுங்கள், சூடு தங்கும். கை நடுங்குகிறவர்களுக்கு, சமையலறையிலேயே வெட்டித் தரச் சொல்லலாம். முதல் வாய் சாஸ் இல்லாமல்.

நம் இலைக்கு ஒரு பாஷை இருப்பது போல இந்தத் தட்டுக்கும் உண்டு. கத்தியையும் முள்கரண்டியையும் விலக்கி வைத்தால் இலை இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். இரண்டையும் ஒட்டிச் சேர்த்து வைத்தால் இலை மூடியாயிற்று, தட்டை எடுத்துவிடுவார்கள். அப்பா பாதியில் சேர்த்து வைக்கப் போனார், நல்ல வேளை பார்த்துவிட்டேன்.

ஐந்து: பில்

சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால், அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது, நீக்கச் சொல்லலாம். சேவை பிடித்திருந்தால் நீங்களாக டிப்ஸ் வையுங்கள்.

எங்கள் மூவருக்கும் 8,000, அதற்கு 18 சதவீத வரி 1,440, ஆக 9,440 ரூபாய். பில்லை அப்பா கண்ணில் காட்டியிருக்கக் கூடாது. கொள்முதல் நிலையத்தில் பொது ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய், 40 கிலோ மூட்டை ஆயிரம். வீட்டில் சம்பா அறுப்பு நேரம் வேறு. பில்லை ஒரு தடவை பார்த்தார், கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஒம்பதரை மூட்டைடா" என்றார். கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து வைத்தார்.