திரை வசனத்தில் சொல்லாமல் சொல்வது எப்படி?

பாத்திரம் கேட்பது கேள்வியாகவும் செய்வது மிரட்டலாகவும் இருக்கும்போது, அதை மொழியியலார் மறைமுகப் பேச்சுச் செயல் என்பார்கள். 1975-இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சர்ல் இதை விளக்கியபோது, "உப்பை எடுக்க முடியுமா?" என்ற கேள்வி திறனைச் சோதிக்காமல் வேண்டுகோளாவது எவ்வாறு என்பதை ஆராய்ந்தார்.

எழுதத் தொடங்கும்போது, பாத்திரத்தின் உண்மையான நோக்கத்தை ஒளிவுமறைவின்றி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வட்டிக்காரர், தன்னிடம் கடன்பட்டவரிடம் சொல்ல நினைப்பது இது என்று வைத்துக்கொள்வோம்: "பணத்தைத் தராவிட்டால் கல்யாணத்தை நிறுத்துவேன்." பிறகு, அந்த மிரட்டல் பலிக்க எவையெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். கல்யாணம் நடக்கவிருக்கிறது, வட்டிக்காரருக்கு அது தெரியும், மண்டபமும் தெரியும். இவற்றுள் ஒன்றை மட்டும் அவர் வாயில் வையுங்கள்: "மண்டபம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதானே? வர்றவங்களுக்கு வசதி." அவர் குரலை உயர்த்தத் தேவையில்லை, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வைத்தாலே போதும்.

பலர் தவறுவது பதில் வசனத்தில்தான். "ஆமாம், பக்கம்தான்" என்றால் கேள்வி கேள்வியாகவே நின்றுவிடும். "வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடறேண்ணே" என்று கடன்பட்டவர் சொல்லும்போதுதான், முந்தைய வரி மிரட்டல் என்பது பார்வையாளருக்கு உறுதியாகிறது. "என்ன மிரட்டுறீங்களா?" என்று விளக்கவுரையும் எழுதிவிடாதீர்கள். மறைபொருளைக் கவனிக்காமல் நேர்ப்பொருளுக்கு மட்டும் பதில் சொல்வதற்கு நகைச்சுவைக் காட்சியில்தான் இடமுண்டு. அங்கே, "டீ குடிச்சு ரொம்ப நேரமாச்சு" என்பவரிடம் மணியைப் பார்த்து, "ரெண்டு மணி நேரம் ஆச்சுண்ணே" என்று சொல்லுக்குச் சொல் பதில் தருபவரே சிரிப்பை வரவழைப்பார்.