பிடிவாரண்டு இருக்கிறதா? போலீஸ் வருமுன் நீங்களே கோர்ட்டுக்குப் போங்கள்

வாய்தாவுக்குப் போகத் தவறி பிடிவாரண்டு பிறப்பித்துவிட்டார்கள் என்று தெரிந்தால், போலீஸ் வரும்வரை காத்திருக்காமல், வாரண்டு போட்ட அதே கோர்ட்டில் வக்கீலோடு காலையிலேயே ஆஜராகி ‘வாரண்டு ரீகால்’ மனு, அதாவது வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் மனு, கொடுத்துவிடுங்கள்.

நாளானால் வாரண்டு தானாகக் காலாவதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. நிறைவேற்றப்படும்வரை அல்லது பிறப்பித்த கோர்ட்டே ரத்து செய்யும்வரை அது உயிரோடுதான் இருக்கும் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 72). போலீஸ் பிடித்தால் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், ஆனால் சனிக்கிழமை சிக்கினால் நம் கோர்ட் திறக்கும்வரை ரிமாண்டில் உள்ளே இருக்க வேண்டி வரலாம். நாமாகப் போய், ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி வராததற்கான காரணத்தைக் காட்டினால் நீதிபதி ரத்து செய்ய வாய்ப்பு அதிகம். அப்புறம் அந்த உத்தரவு நகலைக் கையிலேயே வைத்திருங்கள், ஸ்டேஷனுக்குத் தகவல் போய்ச் சேர நாளாகலாம்.

தேடப்படும் குற்றவாளியாக ஏற்கெனவே அறிவித்துவிட்டாலோ, பலமுறை டிமிக்கி கொடுத்திருந்தாலோ இது அவ்வளவு சுலபமில்லை. பழைய ஜாமீனே ரத்தாகி, புதிதாக ஜாமீன்தாரர்களைத் தேட வேண்டியிருக்கும். பெயிலபிள் (ஜாமீனில் விடக்கூடிய) வாரண்டு என்றால் இவ்வளவு பதற்றமே வேண்டாம், அதில் குறித்தபடி ஜாமீன் கொடுத்தால் போலீஸே விட்டுவிட வேண்டும்.