நின்றுபோன அம்பாசிடரை வீட்டில் சீர்செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கங்களில் தாத்தாவோ அப்பாவோ ஓட்டிய அம்பாசிடரைப் பல ஆண்டுகள் கொட்டகையில் நிறுத்திவிட்டு, தள்ளிப்போட்ட வேலைகளையெல்லாம் இப்போது வீட்டிலேயே செய்து முடிக்க முனையும் இளைஞர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். 1958 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான அந்த வண்டி, பொறுமையும் ஸ்பேனரும் உள்ளவர் கையால் பிரித்துப் பூட்டக்கூடிய வண்டிதான். ஆனாலும், தொடக்கக் காலத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் ஒயரிங்கில் கைவைக்கக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் பெயிண்ட் அடிப்பது

வேண்டாம். என்ஜினும் பிரேக்கும் சரியான பிறகே டிங்கரிங்.

நின்ற வண்டியை வந்தவுடன் ஸ்டார்ட் செய்வது

நெடுநாள் நின்ற என்ஜினில் சிலிண்டர் சுவரில் ஆயில் வடிந்துபோயிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் துருவேறி ஒட்டியிருக்கவும் கூடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே செல்ஃப் மோட்டாரைத் தொட வேண்டும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவது

எனக்கு இன்றும் ஆத்திரமூட்டும் தவறு இதுதான். வட ஆற்காட்டுக்காரருக்கு நம் நிலத்தடி நீரைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரிகிறது. போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996-இல் தீர்ப்பும் வந்தது. வெந்நீர் வைக்கும் அண்டாவின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதை அன்றாடம் பார்த்துக்கொண்டே, அதே தண்ணீரைக் குடத்தில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள்.

நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, எங்கே சூடு அதிகமோ அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அதாவது, எந்த இடம் கட்டாயம் குளிர வேண்டுமோ, எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றியுள்ள அந்த இடத்தையே முதலில் மூடுகிறது. இரும்பு கடத்தும் அளவுக்கு அந்தப் படிவம் வெப்பத்தைக் கடத்தாது. அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு என்பதால், கூலன்ட் சேராத வெறும் தண்ணீரில் துருவும் உதிர்ந்து, உப்போடு கலந்து, பிளாக்கின் பின்கோடியில் நீர் செல்லும் வழியை அடைத்து இறுகிவிடுகிறது.

ஆற்காட்டைச் சேர்ந்த தம்பி ஒருவர், பெயிண்ட், சீட் கவர் எல்லாம் முடித்து, போர் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, மே மாத வெயிலில் குடும்பத்தோடு ஏலகிரிக்குக் கிளம்பினார். முந்தைய நாளே நான் தடுத்தபோது, "தண்ணிதானே அண்ணே, எந்தத் தண்ணியா இருந்தா என்ன?" என்று கேட்டார். மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் வண்டி கொதித்துவிட்டது. பதற்றத்தில், என்ஜின் ஆறும்வரை காத்திராமல் குளிர்ந்த நீரை ஊற்றியதால் ஹெட்டில் விரிசல் விழுந்தது. வண்டியைக் கட்டி இழுத்து வந்தபின் நான் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன்; தண்ணீர் கலந்து ஆயில் வெளுத்த குழம்பாக இருந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள டிரெயின் டேப்பைத் திறந்தோம். ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியை விட்டுக் குடைந்த பிறகு, வெள்ளைத் துகள்கள் கலந்த காவி நிறச் சேறு பற்பசைபோல் மெல்லப் பிதுங்கி வந்தது. அதற்குப் பின்னால்தான் தண்ணீர் வந்தது. சில கேன் டிஸ்டில்டு வாட்டரில் முடிந்திருக்க வேண்டிய வேலை, வேறு ஹெட் தேடி அலைவதிலும் லேத் பட்டறைச் செலவிலும் போய் முடிந்தது.

ஆகவே, எந்த வேலைக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். ரேடியேட்டர் டேப்பை மட்டும் திறந்துவிட்டு நிறுத்திவிடாமல் பிளாக்கின் டேப்பையும் திறந்து, ஹோஸ்களைக் கழற்றி, தண்ணீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராகப் பீய்ச்சி, தெளிவாக வரும்வரை கழுவுங்கள். ரேடியேட்டரைக் கடையில் கொடுத்து, மேல்தொட்டியைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டு எடுக்கச் சொல்லுங்கள். கழிவறை ஆசிட்டை ஊற்றினால் உப்பு கரையும் என்று சொல்பவர்கள் உண்டு. அது உப்போடு இரும்பையும் ஈயப் பற்றையும் சேர்த்தே அரிக்கும். பிளாக்கின் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகளான வெல்ச் பிளக்குகள் உள்ளிருந்து துருப்பிடித்து வருவதால், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பிறகு, எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். ரேடியேட்டர் மூடியின் வாஷரும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தால் மூடியையே மாற்றுங்கள். மூடி சதுர அங்குலத்துக்குத் தாங்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயர்கிறது, நம் ஊர் வெயிலில் அது சிறிய உதவியன்று.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது

என்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு அது. கழற்றினால் சூடு காட்டும் முள் இறங்கிக் காட்டலாம். அடைப்பு உள்ளே அப்படியே இருக்கும்.

பிரேக்கில் கையில் கிடைத்த எண்ணெயை விடுவது

என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு கரண்டி சேர்ந்தாலும் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ஆகியவற்றின் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய் பிரேக் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு சிலிண்டர் விடாமல் எல்லாவற்றையும் பிரித்தாக வேண்டும். சரியான பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 4 வகைக்கு விதித்த குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரிதான். எனவே நின்ற வண்டியில் பழைய ஆயிலின் மேல் புதியதை ஊற்றி நிரப்பாமல், முழுவதையும் வடித்துவிட்டு மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரிப்பது

கூடாது. ஒரு வேலை முடிந்து வண்டி ஓடிய பிறகே அடுத்தது.

பழைய ரப்பர் குழாயில் புதிய பெட்ரோல்

இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அம்பாசிடரின் பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் ஆகியவை இதற்காகச் செய்யப்பட்டவையல்ல. அவை இளகியோ வெடித்தோ, சூடான என்ஜின் மீது பெட்ரோலைக் கசியவிடும். எத்தனால் ஈரத்தையும் இழுப்பதால், ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து நின்று துருவைக் கிளப்பும். டேங்கை இறக்கிக் கழுவி, எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களைப் போட்டு, இடையில் ஒரு ஃபில்டரும் வையுங்கள். மாற்றிய பிறகு முதல் சில வாரங்களுக்கு, காலையில் பானெட்டைத் திறந்து, பம்பின் அடியிலும் ஒவ்வொரு கிளிப்பின் ஓரத்திலும் ஈரம் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.